அண்ணனுக்கு 19 வருசமா ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். நாங்க இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அண்ணனுக்கு 23 வயசுல ஸ்கிசோஃப்ரினியா வந்துச்சு, இப்ப 42. முதல் ரெண்டு வருசம் கோடாங்கி, கயிறு, நேர்த்தின்னே போயிருச்சு. அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

இப்ப மாசம் ஒரு ஊசி. காதுல குரல் கேக்குறது ரொம்பக் குறைஞ்சிருச்சு. ஆனா பேச்சே இல்ல. இஸ்தோப்புல உக்காந்து, பிளேன்டி ஆறுறதுகூடத் தெரியாம சாரத்து நுனியைச் சுருட்டிக்கிட்டே இருப்பாரு. லயத்துல சோம்பேறின்னு சொல்றாங்க. சோம்பல் இல்லங்க, அதுவும் இந்த நோய்தான். குரலை அடக்குற மருந்து இதுக்கு அவ்வளவா உதவாது.

போன மாசம் கவ்வாத்து மலையில இருந்து தானாவே ஒரு கட்டு மிலாறு விறகு தூக்கிட்டு வந்தாரு. அம்மா அழுதுட்டாங்க.

அமெரிக்காவுல வெர்மான்ட்ல, வருசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தவங்களை 30 வருசத்துக்கு மேல கழிச்சுப் பார்த்தப்ப பாதிப்பேருக்கு மேல நல்லாத் தேறியிருந்தாங்க. 1987ல வெளிவந்த ஆய்வு. அவங்களுக்கு மருந்தோட வேலை, வீடு, புனர்வாழ்வும் கிடைச்சிருக்கு. அதைத்தான் நான் தேடுறேன்.

அவசரத்துக்கு 1926ங்கிற மனநல உதவி எண் இருக்கு, தெரியும். நுவரெலியா மாவட்டத்துல தமிழ்ல பேசுற பகல்நேரப் புனர்வாழ்வு நிலையம் எங்கயாவது இருக்கா? உங்க வீட்டுல இத்தனை வருசம் கழிச்சுத் தேறினவங்க என்ன வேலையில ஆரம்பிச்சாங்க? மருந்தால எடையும் சீனியும் கூடும்னாங்க, எத்தனை மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்குறீங்க?

அம்மாவுக்கு 68 ஆச்சு. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு எழுதுங்க.