பேக்கரிக்குக் கரண்ட் எடுக்கிறதும் காஸ் எடுக்கிறதும்: விண்ணப்பம் எதற்கு, எது முதல்?

விசுவமடு_பாண் (கேள்வி)

வளவுக்குள் ஒரு சின்னப் பேக்கரி. கட்டடம் 20க்கு 30 அடி. கூரை போட்டாயிற்று, வயரிங் இன்னும் தொடங்கவில்லை. வீதிக் கம்பத்திலிருந்து கட்டடம் ஏறக்குறைய 70 மீற்றர் உள்ளே. பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது, அம்மா இருக்கிறா. லண்டனில் இருக்கும் அண்ணா, "காஸுக்கு ஒரு கம்பனி, கரண்டுக்கு இன்னொரு கம்பனி, இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போடு, காஸ்தான் சுணங்கும்" என்கிறார். இங்கே நடைமுறை என்ன? எதற்கு என்ன பேப்பர்? பாண் சுடும் போறணை காஸிலா கரண்டிலா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

ஓமந்தை_வயர்மன்

அண்ணா சொல்வது அங்கே சரி. இலங்கையில் வீதிக்கு அடியால் குழாய் போட்டு வீடு வீடாகக் காஸ் கொடுக்கும் வலையமைப்பு இல்லை. எங்களுக்குக் கிடைப்பது லிற்றோ, லாஃப்ஸ் என்ற கம்பனிகளின் சிலிண்டர்தான். ஆகவே காஸ் என்பது கடையில் வாங்கும் பொருள். விண்ணப்பம், களப் பரிசோதனை, மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் கரண்டுக்கு மட்டும்.

ஆனால் கரண்ட் படிவத்தில் எத்தனை அம்பியர் என்று எழுத வேண்டும். போறணை எதில் என்று தெரியாமல் அதை எழுத முடியாது. எனவே காஸைப் பற்றிய முடிவுதான் முதல் வேலை.

ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் என்றால் 230 வோல்ற்றில் 6.9 கிலோவாற்று. மூன்று கட்டம் (த்ரீ பேஸ்) 30 அம்பியர் என்றால் கிட்டத்தட்ட 20 கிலோவாற்று. மூன்று கட்டம் 60 அம்பியர் 42 கே.வி.ஏ (கிலோவாற்று போன்ற சுமை அளவு) வரை போகும். அதைத் தாண்டினால் மொத்தப் பாவனையாளர் (பெரிய அளவில் கரண்ட் எடுப்பவர்) வகை, செலவும் நடைமுறையும் வேறு. இரண்டு தட்டு மின்சாரப் போறணை ஒன்றே 13 கிலோவாற்று அளவில் இழுக்கும், அது ஒற்றைக் கட்டத்தில் நடக்காது. அதே அளவு காஸ் போறணைக்குக் கரண்ட் தேவைப்படுவது பற்றவைப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் மட்டும், சில நூறு வாற்று போதும். பிறகு உங்கள் பெரிய சுமை மா குழைக்கும் மெசின்தான்.

விண்ணப்பிக்க முன் வீதிக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். இரண்டு கம்பி மட்டும் ஓடினால் அது ஒற்றைக் கட்ட லைன். அங்கே மூன்று கட்டம் கேட்டால் லைனை மாற்றும் செலவும் உங்கள் மதிப்பீட்டில் வந்து நிற்கும். 70 மீற்றர் தூரத்துக்கு வளவுக்குள் இடைக் கம்பமும் தேவைப்படும், அதற்கும் காசு கட்ட வேண்டியது நீங்கள்.

முள்ளியவளை_கோவை

பேப்பர் பக்கத்தை நான் சொல்கிறேன். கரண்ட் சுணங்குவது பெரும்பாலும் கம்பியால் இல்லை, காணிக் கோவையால்.

வழமையாகக் கேட்பவை: விண்ணப்பதாரரின் அடையாள அட்டைப் பிரதி, காணி உரித்தை அல்லது குடியிருப்பைக் காட்டும் ஆவணம், தகுதியுள்ள மின்வினைஞர் கையெழுத்திட்ட வயரிங் பரிசோதனை அறிக்கை, பக்கத்து வீட்டு மின்கணக்கு இலக்கம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் உங்கள் இடம் எந்தக் கம்பத்தில், எந்த மாற்றியில் (ட்ரான்ஸ்போமரில்) வருகிறது என்பதை அதை வைத்துத்தான் தேடுவார்கள். தவறான இலக்கம் கொடுத்தால் களத்துக்கு வருபவர் வேறு ஒழுங்கையில் நிற்பார்.

இறந்தவர் பெயரில் விண்ணப்பம் போட முடியாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெர்மிட் என்றால் உரிமையாளர் காலமான பின் வாழ்க்கைத் துணைக்கு முதல் உரிமை, அதற்குப் பிறகுதான் பெர்மிட்டில் பெயர் குறித்த பின்னுரித்தாளர். ஆகவே அம்மாவின் பெயரில் போடுவதே நேரான வழி. மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பெர்மிட் பிரதி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்த கிராம சேவையாளர் கடிதம் என நாலையும் ஒன்றாகக் கொடுங்கள். பெயர் எழுத்து அடையாள அட்டையில் ஒருவிதம், பெர்மிட்டில் வேறுவிதம் என்றிருந்தால் இரண்டும் ஒருவரே என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதுவியுங்கள். இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்த குடும்பங்கள் முதலில் காணிப் பிரிவில் பிரதி கேட்க வேண்டும்.

இன்னொன்று, பெர்மிட் நிபந்தனையில் குடியிருப்பு, பயிர்ச்செய்கை என்று மட்டும் இருந்தால் வணிகத்துக்குக் காணிப் பிரிவின் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். பிரதேச சபை உரிமத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்கும் அது உதவும். வீட்டு மீற்றரிலிருந்து கம்பி இழுத்துப் பேக்கரி நடத்த நினைக்காதீர்கள். கட்டண வகையே வேறு, பிடிபட்டால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும்.

கம்பி அயலவர் வளவுக்கு மேலால் போகிறதென்றால் அவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தென்னை, பனை ஓலை முட்டும் இடமாக இருந்தால் களப் பரிசோதனைக்கு முன்பே வெட்டுங்கள்.

ஹரோ_எஞ்சினியர்

அண்ணா சொன்ன நடைமுறையை ஒருக்கால் விளக்கிவிடுகிறேன், ஒப்பிட உதவும். பிரித்தானியாவில் கம்பியும் குழாயும் ஒரு தரப்பு, பில் அனுப்பும் விற்பனையாளர் வேறு தரப்பு. லண்டனில் மின் வலையமைப்பு யூ.கே பவர் நெற்வேர்க்ஸ். காஸ் குழாய் வடக்குப் பக்கம் கேடன்ட், தெற்குப் பக்கம் எஸ்.ஜி.என். இரண்டுக்கும் இடவரைபடம், தேவையான சுமை, மீற்றர் வைக்கும் இடம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். விலைக்கூற்று வரும், ஏற்றுக் காசு கட்டியபின் வேலை நடக்கும். இணைப்பு இடத்தை அடையாளம் காட்ட, கரண்டுக்கு 13 இலக்க எம்பான், காஸுக்கு எம்.பி.ஆர்.என் என்ற எண் கிடைத்த பிறகுதான் விற்பனையாளரிடம் மீற்றர் கேட்கலாம். பிரதான காஸ் குழாயிலிருந்து 23 மீற்றருக்குள் இருக்கும் கட்டடத்துக்கு இணைப்புக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. வீதி வெட்ட அனுமதி எடுக்க வேண்டியிருப்பதால் காஸ் இழுபடும்.

வன்னியில் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் குழாய்க் கம்பனி அங்கே செய்யும் பாதுகாப்பு வேலை முழுவதும் இங்கே உங்கள் தலையில் விழுகிறது, அதை மறக்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: அங்கிருந்து பழைய காஸ் அடுப்போ போறணையோ அனுப்பினால் அப்படியே சிலிண்டரில் பூட்டாதீர்கள். அதில் இருப்பது 21 மில்லிபார் அழுத்தத்தில் குழாயில் வரும் இயற்கை வாயுவுக்கான ஜெற் (காஸ் வெளிவரும் துளை). சிலிண்டரில் வரும் எல்.பி. காஸுக்கு அதைவிடச் சிறிய துளை வேண்டும். மாற்றாவிட்டால் சுவாலை மஞ்சளாகி எழும்பும், புகைக்கரி படியும், கார்பன் மொனொக்சைட் வரும்.

மாங்குளம்_காஸ்வேலை

அளவுக் கணக்கை முதலில் பார்ப்போம். எல்.பி. காஸ் 1 கிலோவில் ஏறக்குறைய 12.8 கிலோவாற்று மணி வெப்பம் இருக்கிறது. போறணைத் தகட்டில் 20 கிலோவாற்று என்றிருந்தால் முழுச் சுவாலையில் மணிக்கு 1.6 கிலோ போகும். அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டர் 8 மணித்தியாலம்கூடப் பிடிக்காது, 37.5 கிலோ ஒரு நாளுக்குள் முடியும். அதோடு சின்னச் சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து, வெளியில் வியர்த்து, அழுத்தம் விழும். பாண் நடு வேக்காட்டில் நிற்கும்போது சுவாலை குறைவது அதனால்தான், சிலிண்டர் முடிந்ததால் இல்லை. சுடுதண்ணீர் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது அறவே வேண்டாம். இரண்டு 37.5 கிலோவை ஒரு இணைப்புக் குழாயில் பூட்டி, ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கும்படி வையுங்கள். எந்தக் கம்பனி என்பதை, உங்கள் ஊர்க் கடைக்கு 37.5 கிலோ எது ஒழுங்காக வருகிறது என்று கேட்டு முடிவெடுங்கள். வைப்புப் பணச் சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, நிழலில், சீமெந்துத் தளத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அருகில் கிணறோ, கானோ, நிலமட்டத்துச் சொக்கெற்றோ இருக்கக் கூடாது. பேக்கரிச் சுவரின் அடிமட்டத்தில் காற்றுத் துளை விடுங்கள். மேலே ஜன்னல் இருப்பது இதற்கு உதவாது. சுவருக்குள்ளால் வருவது உலோகக் குழாயாக இருக்கட்டும், றப்பர் ஹோஸ் கடைசி ஒன்றரை மீற்றருக்குள் போதும். மா இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி ஹோஸைக் கடிக்கும். மாதம் ஒருக்கால் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஹோஸை மாற்றுங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்தபோது காஸில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எந்தக் கலவை வந்தாலும் ஹோஸும் இணைப்பும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

விசுவமடு_பாண்

எல்லோருக்கும் மிக்க நன்றி. போறணை காஸ் என்று முடிவு. மா குழைக்கும் மெசின் 3 குதிரைவலு, ஒற்றைக் கட்டமாகவும் வருகிறது, மூன்று கட்டமாகவும் வருகிறது. வீதியில் நாலு கம்பி ஓடுகிறது. 30 அம்பியர் ஒற்றைக் கட்டம் போதுமா?

ஓமந்தை_வயர்மன்

ஓடும், ஆனால் நான் அப்படிப் போடச் சொல்ல மாட்டேன். 3 குதிரைவலு ஒற்றைக் கட்ட மோட்டர் ஓடும்போது 14 அம்பியர் அளவில் எடுக்கும், தொடங்கும் கணத்தில் 80ஐத் தொடலாம். 16 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி 70 மீற்றர் போய்வர 0.27 ஓம். அந்தக் கணத்தில் உங்கள் வளவுக்குள்ளேயே 20 வோல்ற்றுக்கு மேல் விழும். பின்னேரம் 6.30 முதல் 10.30 வரை லைனே தாழ்ந்திருக்கும் நேரம். அப்போது மா நிரம்பிய மெசின் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்று சுருள் கருகும். நாலு கம்பி இருப்பதால் மூன்று கட்டம் 30 அம்பியர் கேளுங்கள். மோட்டர் கட்டத்துக்கு 5 அம்பியரில் அமைதியாக ஓடும்.

வயரிங்கை இப்போதே தொடங்கலாம். வயரிங் பரிசோதனை அறிக்கை திரும்பி வருவது பெரும்பாலும் எர்த்தால்தான். கரண்ட் தரும் நிறுவனம் எர்த் கம்பி தருவதில்லை, நிலத்தில் அடிக்கும் கூர் உங்களுடையது. ஆவணி வெயிலில் காய்ந்த மண்ணில் தடை பல மடங்கு ஏறும், ஆகவே மாரியில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். தேவையானால் கூரின் நீளமளவு தள்ளி இரண்டாவது கூர் அடித்து இணையுங்கள். 30 மில்லிஅம்பியர் றிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுவது) கட்டாயம். நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுக்குள் எங்கும் முடிந்துவிடாதீர்கள், றிப் விழுந்துகொண்டே இருக்கும். சொக்கெற் எல்லாம் 13 அம்பியர் சதுரப் பின். மெகர் (கம்பி உறையின் காப்பை அளக்கும் கருவி) 500 வோல்ற்றில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரச் சுவர்ப் பெட்டிகளை முதலில் பாருங்கள்.

மெசினுக்கு ஒரு பேஸ் ஃபெயிலியர் ரிலே (ஒரு கட்டம் போனால் மெசினை நிறுத்துவது) போடுங்கள், கட்ட ஒழுங்கையும் பார்க்கும் வகையாக வாங்குங்கள். காற்று மழையில் ஒரு கட்டம் அறுந்தால் மோட்டர் இரண்டு கட்டத்தில் ஓடிச் சூடேறும். லைன் திருத்திய பிறகு கட்ட ஒழுங்கு மாறினால் மெசின் எதிர்ப்பக்கம் சுற்றும். கரண்ட் நின்று வந்த ஒவ்வொரு முறையும் மா போட முன் வெறுமையாக ஒருக்கால் ஓடவிட்டு, சட்டியில் உள்ள அம்புக்குறியோடு ஒத்துப் பாருங்கள்.