புதுப்பிப்பு: மூன்று குட்டி ஈனும் ஆடுகள் – இந்த ஈற்றில் மூன்றாவது குட்டிகளும் பிழைத்தன

போன ஈற்றில் என் ஆடுகள் மூன்று குட்டி போட்டும் மூன்றாவது நிலைக்கவில்லை, ஒரு தாய் ஆடு ஈனுவதற்கு முன்பே எழ முடியாமல் படுத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஈற்று நேற்றோடு முடிந்தது.

அதிகம் பலன் தந்தது ஸ்கேன் யோசனைதான். சினையின் 80ஆம் நாள் வாக்கில் ஸ்கேன் செய்து, ஒற்றைக் குட்டி சுமப்பவற்றைத் தனியாகப் பிரித்தேன். மற்றவற்றுக்குக் கடைசி 6 வாரம் அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு போன்ற சத்துத் தீவனம்) படிப்படியாகக் கூட்டி, இரண்டு வேளையாக வைத்தேன். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான். ஆனால் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால், அப்போது ஆட்டால் நிறையத் தழை தின்ன முடியாது. இந்த முறை ஓர் ஆடும் படுக்கவில்லை.

சீம்பால் விஷயம்: குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி, பிறந்த 2 மணி நேரத்துக்குள். தானாகக் குடிக்காதவற்றுக்குக் கறந்து புட்டியில் கொடுத்தேன்.

எதிர்பாராதது ஒன்று. ஒற்றைக் குட்டி ஈன்ற ஆட்டிடம் முதலில் நோஞ்சான் குட்டியைத்தான் சேர்த்தேன். அதற்கு எழுந்து முட்டிக் குடிக்கத் தெம்பில்லை. சரி என்று அதைத் தாயிடமே விட்டு, மூன்றில் வலுவானதை எடுத்து, வளர்ப்புத் தாயின் பனிக்குட நீரை உடம்பெல்லாம் தடவிவிட்டேன். உடனே நக்க ஆரம்பித்துவிட்டது! போட்டி குறைந்ததால் நோஞ்சானும் தேறியது. இதை ஈன்ற கையோடு செய்ய வேண்டும். இன்னொரு ஆட்டிடம் மறுநாள் முயன்றபோது குட்டியை முட்டித் தள்ளிவிட்டது.