மறு: ‘வாக்த்ரூ’வுக்குத் தமிழில் என்ன பெயர்? – விளையாட்டு விக்கியின் பங்களிப்பு நெறிகளை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை எங்கெங்கோ போய்விட்டது. ஒரு கணினி விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிக் கடப்பது எப்படி என்று கூடவே வந்து சொல்லும் எழுத்துதான் ‘வாக்த்ரூ’; அதற்குத் தமிழ் கேட்டுத் தம்பி ஒருவர் தொடங்கிவைத்தார். நடுவில், முடிவை முன்கூட்டியே சொல்லிச் சுவையைக் கெடுக்கும் ‘ஸ்பாய்லர்’ வந்தது. பிறகு ஆட்டமா, விளையாட்டா என்று சில நாள் மல்லுக்கட்டு. கடைசி மடலில் ‘விக்கி’யையும் தமிழாக்கிவிட வேண்டும் என்று ஒரு கோரிக்கை. அதை மட்டும் விட்டுவிடுவோம். விக்கி ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள். 1995இல் வார்டு கன்னிங்காம் தம் தளத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது ஆங்கிலமே அதைக் கடனாகத்தான் வாங்கியது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் கூச்சமின்றி அதையே வைத்துக்கொண்டது. நமக்கு மட்டும் ஏன் வம்பு?

வாக்த்ரூவுக்கு வருகிறேன். அந்தச் சொல் இல்லாமல் நம் நெறிகளை எழுத முடியாது என்பதுதான் என் கவலை. கட்டைகளை வெட்டியும் அடுக்கியும் ஆடும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குப் பெங்களூரு நண்பர்கள் தொடங்கியிருக்கும் தமிழ் விக்கியின் நெறி வரைவில் ஒரு வாக்கியம் இப்படி இருக்கிறது: “வழிகாட்டி எழுதுவோர் இவ்வழிகாட்டுதல்களைப் பின்பற்றி, வழிகாட்டிப் பக்கத்தில் வழிகாட்ட வேண்டும்.” எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். கைட், கைட்லைன், வாக்த்ரூ மூன்றுக்கும் கையில் இருந்தது ‘வழிகாட்டி’ ஒன்றுதான். அவரும் என்ன செய்வார்?

பெயர் இல்லாததால் பக்கங்களும் கலந்துவிடுகின்றன. ‘வைரம்’ என்ற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தகவல் பக்கம். வைரம் எந்த ஆழத்தில் கிடைக்கும், எந்தப் பிக்காசால் வெட்டலாம், அதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பவை அங்கே வர வேண்டும். யாரோ ஒருவர் இடையில் புகுந்து, “ஆரம்பத்திலேயே வைரத்துக்கு அலையாதீர்கள், முதலில் இரும்புக் கவசத்தைச் செய்துகொண்டு நெதருக்குப் போங்கள்” என்று எழுதுகிறார். (நெதர் அந்த ஆட்டத்தில் வரும் நெருப்புலகம்.) நல்ல யோசனைதான். ஆனால் அது வைரத்தைப் பற்றிய தகவல் இல்லை. ஆட்டத்தை எப்படிக் கொண்டுபோவது என்ற ஆலோசனை. ‘இதை எடுத்து அந்தப் பக்கத்தில் போடுங்கள்’ என்று சொல்ல, ‘அந்த’ப் பக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> படிப்படி விளக்கம் என்றே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் மேசை செய்வதற்கும் படிப்படி விளக்கம் உண்டு, உலை மூட்டுவதற்கும் உண்டு. அவற்றுக்கு ‘செய்முறை’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. பொருளுக்குச் செய்முறை. ஆட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை, அல்லது ஒரு பெரிய கட்டத்தின் இந்த முனை முதல் அந்த முனை வரை ஆடுபவரைக் கூட்டிக்கொண்டு போவதற்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

> ஆற்றுப்படை இருக்க வேறு சொல் எதற்கு?

பேராசிரியர் ஐயாவின் இந்த மடலைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடையாது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு என்றால் வழி. தாம் பெற்ற வளத்தைப் பெறாதவருக்கு எடுத்துச் சொல்லி, அவரையும் அங்கே போகச் செய்வது ஆற்றுப்படை என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அவ்வகை. அவற்றில் கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம் 583 அடி. அதன் நடுப்பகுதியைப் படித்தால் நம் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். பன்றிகளுக்குக் கற்பொறி வைத்திருக்கிறார்கள், அந்த வழியில் இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். குழிகளுக்குள் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், அடையாளம் வைத்துக்கொண்டு விலகிப் போங்கள். புனக்காவலர் எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்தை மறைவாகக் கொண்டு கடந்து போங்கள். பொறி எங்கே, பகை எங்கே, எந்த நேரத்தில் எப்படிக் கடப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் நன்னன் அவையில் பரிசில் வரை கொண்டுவிடுகிறது. இது வாக்த்ரூ இல்லையென்றால் வேறு எது வாக்த்ரூ?

ஆனாலும் பக்கத்தின் தலைப்பில் அந்தச் சொல்லை வைக்க எனக்குச் சம்மதமில்லை. நம் விக்கியில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கத்தில் பி.யு. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழெழுத்து வீட்டில் பழகியது. அல்சூரில் கூடியபோது, வந்திருந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ‘ற்று’ வந்த இடத்தில் பலர் தடுக்கினார்கள். தடுக்காமல் படித்த ஒரு பெண், “கடற்படை போல ஆற்றுக்கும் ஒரு படையா அண்ணா?” என்று கேட்டாள். விளக்கினேன், ரசித்தாள். ஆனால் பொத்தானில் இருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க ஆள் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மனநல ஆலோசகரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று அரசுப் பணி விளம்பரங்களிலேயே எழுதுகிறார்கள். ஒரே வேர் இரண்டு துறைகளில் இருக்கலாம்தான். ஆனால் ஒன்று வேரூன்றிவிட்ட நிலையில் மற்றொன்றை அதன் அருகிலேயே நடுவானேன்?

என் பரிந்துரை: வழிநடை.

இது நான் புதிதாகச் செய்த சொல் அன்று. கால்நடையாகப் பயணம் போவதற்கு வழிநடை என்ற பெயர் பழையது. வழிநடைச் சிந்து என்றே ஒரு பாட்டு வகை இருக்கிறது. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள், வழியில் வரும் ஊர் இன்னது, சோலை இன்னது, சுனை இன்னது என்று கூட வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டே பாடுவது. கூட நடந்தபடி சொல்வது என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் நடை வருகிறதே, இது பெயர்த்து ஒட்டியதல்லவா என்று யாரும் ஐயப்பட வேண்டாம். சிந்து பாடியவர்களுக்குக் கணினி விளையாட்டு தெரியாது.

வேற்றுமை ஏற்கும்போதும் உறுத்தவில்லை: வழிநடையில், வழிநடைகள், வழிநடைப் பக்கம், முழு வழிநடை, நெதர் வழிநடை. ‘வாக்த்ரூக்களிலிருந்து’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

> வழிநடை என்பது நடக்கும் செயலைக் குறிக்கும். அதைப் பற்றிய எழுத்தைக் குறிக்காதே?

தமிழாசிரியர் அம்மா தனி மடலில் எழுப்பிய தடை இது. நியாயமான கேள்வி. ஆனால் நடந்த நிகழ்ச்சிகளும் வரலாறுதான், அவற்றை எழுதிய நூலும் வரலாறுதான். போடுவதும் கணக்கு, எழுதி வைத்ததும் கணக்கு. செயலின் பெயர் எழுத்துக்கும் ஆகிவருவது நமக்குப் புதிதில்லை அம்மா.

பெயரை விட்டாலும், ஆற்றுப்படையிடமிருந்து ஒன்றை மட்டும் நான் விடப்போவதில்லை. பெற்றவர்தான் பெறாதவருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி. இதை நம் நெறிகளில் முதல் விதியாகவே எழுத வேண்டும்: தாம் ஆடிக் கடக்காத பகுதிக்கு யாரும் வழிநடை எழுதக் கூடாது.

இதற்கு இழையில் எதிர்ப்பு வந்தது. ஆங்கில விக்கியில் எல்லாம் இருக்கிறதே, மொழிபெயர்த்தால் போதாதா என்று. தகவல் பக்கங்களுக்குப் போதும். ஆங்கில மைன்கிராஃப்ட் விக்கியின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைச் சுட்டி, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் வெளியிட்டால் தடையில்லை. மூலத்தைச் சுட்டாமல் எடுத்தால் அந்தப் பக்கத்தைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும். ஆனால் வழிநடையை மொழிபெயர்த்தால் என்ன ஆகிறது? எழுதிப் பழகும் பக்கமான மணல்தொட்டியில் கிடக்கும் ஒரு பத்தி இது:

“நீங்கள் இப்போது ஒரு நெதர் கோட்டையைக் கண்டுபிடிக்க விரும்புவீர்கள். நீங்கள் தங்கக் கவசம் அணிந்திருப்பதை உறுதிசெய்துகொள்வது ஒரு நல்ல எண்ணமாக இருக்கும்.”

யார் விரும்பினார்கள்? யாருடைய எண்ணம்? அதே இடத்தை, அங்கே போய்ச் செத்துச் செத்துப் பிழைத்த ஒரு பையன் எழுதியது இது:

“நெதருக்குள் நுழையும் முன் தங்கக் கவசத்தில் ஒன்றையாவது போட்டுக்கொள்ளவும், தலைக்கவசம் மட்டும் போதும். இல்லாவிட்டால் பிக்லின்கள் கண்டவுடன் பாயும். அவற்றின் கண்முன்னால் தங்கப் பாளத்தை வெட்டினாலோ பெட்டியைத் திறந்தாலோ கவசம் இருந்தும் பயனில்லை. களைப்பாக இருக்கிறதென்று படுக்கையை விரிக்க வேண்டாம்; நெதரில் படுக்கை வெடிக்கும்.”

இரண்டாவது பத்தியில் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தினேன். மற்றபடி கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. மொழிநடைக்குத் தனியாக ஒரு நெறி எழுத வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. ஆடியவர் எழுதினால் அது தானாக வந்துவிடுகிறது.

இனி, எந்த ஆட்டத்தை ஆடினீர்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். கரும்புப் பக்கத்தில் நடந்த தொகுத்தல் போரைப் பலர் பார்த்திருப்பீர்கள். எலும்புத்தூள் போட்டால் கரும்பு உடனே வளரும் என்று ஒருவர் எழுத, வளராது என்று மற்றவர் அழிக்க, அவர் மீட்க, இவர் மறுபடி அழிக்க, பேச்சுப் பக்கத்தில் ‘ஆடிப் பார்த்துவிட்டுப் பேசு’ என்ற அளவுக்குப் போய்விட்டது. இருவருமே ஆடிப் பார்த்தவர்கள்தான். ஒருவர் கையில் கைப்பேசி. அதில் ஓடுவது பெட்ராக். மற்றவரிடம் கணினி; அவர் ஆடியது ஜாவா. பெட்ராக்கில் எலும்புத்தூளுக்குக் கரும்பு வளரும், ஜாவாவில் வளராது. இருவரும் தங்கள் வாக்கியத்தின் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் சண்டையே இல்லை.

வெளியீட்டு எண்ணும் அப்படியே. வைரம் தேடுவோர் 11, 12ஆம் மட்டத்தில் சுரங்கம் தோண்ட வேண்டும் என்பது வெகுகாலம் வேதவாக்காக இருந்தது. 2021 நவம்பரில் வந்த 1.18இல் உலகின் அடித்தளம் மைனஸ் 64 வரை இறங்கியது. வைரமும் கூடவே இறங்கிவிட்டது. இப்போது மைனஸ் 59ஐ ஒட்டித் தோண்டுவதே பலன் தரும். பழைய குறிப்பைப் படித்துவிட்டு 11இல் தோண்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறிப்பு பொய்யில்லை, காலம் கடந்தது. எண் போட்டிருந்தால் படிப்பவருக்கே தெரிந்திருக்கும். ஆட்டத்தை யார் விரைவில் முடிப்பது என்று போட்டியிடும் ஓட்டப் போட்டிக்காரர்கள் 1.16.1ஐ விடாமல் பிடித்துக்கொண்டதும் இதனால்தான்: அதில் பிக்லின்களிடம் தங்கம் கொடுத்தால் ஆட்டத்தை முடிக்கத் தேவைப்படும் எண்டர் முத்து தாராளமாகக் கிடைத்தது, அடுத்து வந்த 1.16.2இல் அந்தக் கையைச் சுருக்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்னச் சொற்சிக்கல். ஜாவா, பெட்ராக் இரண்டையும் ‘பதிப்பு’ என்கிறோம், 1.18ஐயும் ‘பதிப்பு’ என்கிறோம். முன்னதற்குப் பதிப்பு, பின்னதற்கு வெளியீடு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இருக்காது என்று நினைக்கிறேன்.

ஸ்பாய்லருக்கு ‘கதையுடைப்பு’, ‘சுவைக்கொல்லி’ என்றெல்லாம் வந்தன. சுவைக்கொல்லி பூச்சிமருந்துப் புட்டியை நினைவூட்டுகிறது. அதற்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை என்பது என் எண்ணம். எச்சரிக்கைப் பட்டையில் “இதற்குக் கீழே ஆட்டத்தின் முடிவு சொல்லப்படுகிறது” என்று ஒரு முழு வாக்கியம் போட்டால் வேலை முடிந்தது. புதிர் வரும் ஆட்டங்களுக்கு “விடை சொல்லப்படுகிறது”. வழிநடைப் பக்கங்களில் இந்தப் பட்டையே வேண்டாம். விடை தேடித்தான் அங்கே வருகிறார்கள்.

மற்ற சொற்களைப் பொறுத்தவரை, தமிழ் விக்கிப்பீடியர்கள் ஏற்கெனவே புழங்கும் தொகு, வார்ப்புரு, பகுப்பு, வழிமாற்று, மணல்தொட்டி, குறுங்கட்டுரை, பேச்சு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். அங்கே பழகியவர் இங்கே வந்தால் தடுமாறக் கூடாது. நம் பிள்ளைகளில் யாராவது நாளை அங்கே எழுதப் போனாலும் தடுமாறக் கூடாது. உயிரிகள், பொருள்களின் பெயர்களுக்கு ஆட்டத்தின் தமிழ் இடைமுகத்தில் உள்ளதை முதன்மையாகவும், பிள்ளைகள் வாயில் புழங்குவதை வழிமாற்றாகவும் வைக்கலாம். இரண்டில் எது சரி என்று இன்னொரு இழை தொடங்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆக, வாக்கெடுப்புக்கு முன்வைப்பது: வழிநடை. ஏற்பவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும், வெறும் மறுப்பை எண்ண மாட்டேன். ஞாயிறு இரவு வரை காத்திருந்துவிட்டு, வரைவில் உள்ள ‘வழிகாட்டி’களைப் பிரித்து மாற்றும் வேலையை நானே செய்துவிடுகிறேன். வார்ப்புருவில் பதிப்பு, வெளியீடு ஆகிய இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி செய்யத் தெரிந்தவர்கள் இருந்தால் கைகொடுங்கள்.

ஒன்று பாக்கி. ஒருவர் ஆட்டத்தை முழுதாக ஆடி அதை அப்படியே காணொளியாகப் பதிந்து போடுகிறாரே, பிளேத்ரூ, அதற்கும் வழிநடை என்றே சொல்லலாமா? அதில் அவர் யாருக்கும் வழி சொல்வதில்லை, தம் பாட்டுக்கு ஆடுகிறார். ‘முழுஆட்டம்’ என்று எனக்குத் தோன்றுகிறது. தெருக்கூத்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
அல்சூரிலிருந்து