மாலை போடும் நாளில் குடியை ஒரேயடியாக நிறுத்தலாமா?

தேனிக்காரி:
கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறேன், அன்றோடு குடியை விட்டுவிடுகிறேன் என்கிறார் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பயம். பத்து வருஷத்துக்கு மேல் பழக்கம், இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன வருஷம் காய்ச்சலில் குடிக்காமல் படுத்திருந்தபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது, காய்ச்சலால்தான் என்று விட்டுவிட்டோம். தூக்கத்துக்குத் தினமும் அல்பிரசோலம் வேறு. இரண்டையும் ஒரே நாளில் விடலாமா?

வார்டு நர்ஸ்:
வேண்டாம் சகோதரி, வீட்டில் வைத்து நிறுத்தாதீர்கள். அந்த வலிப்பு குடி நின்றதால் வந்ததாகவே இருக்கலாம், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். மது தினமும் மூளையை அமுக்கி வைக்க, மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்தால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அப்புறம் மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவது. இந்தக் கடைசி நிலையில் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் டயசெபாம் மாதிரி மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். இன்னொன்று, தெம்புக்கு என்று பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் ஏற்றினால் நினைவும் நடையும் நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

மலைக்குப் போகிறவன்:
அண்ணன் மனசு வைத்ததே பெரிய விஷயம், அதைத் தடுக்காதீர்கள். ஐப்பசியிலேயே சேர்த்துவிட்டால் உடம்பு தேறி மாலை போடலாம், தள்ளிப்போனால் மகரஜோதிக்குப் போகட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். விவரம் கேட்க போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது, கட்டணம் இல்லை.

மருந்துக்கடை:
அல்பிரசோலத்தையும் சட்டென்று நிறுத்தக்கூடாது, அதற்கும் வலிப்பு வரும். டாக்டர் சொல்படி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்த்துப் போட்டால் மூச்சே அடங்கிப்போகலாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, குறட்டை விட்டுவிட்டு வருகிறது என்றால் தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும்.

தேனிக்காரி:
நன்றி. அண்ணனுக்குப் பெண் பார்க்கிறோம், ஆஸ்பத்திரி என்றால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா அழுகிறார்.

வார்டு நர்ஸ்:
வலிப்புக்கு வைத்தியம் என்று சொல்லச் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். எவ்வளவு குடி, கடைசியாகக் குடித்த நேரம், அந்த மாத்திரை எத்தனை, போன வருஷ வலிப்பு, எல்லாம் தெரிந்தால்தான் மருந்தின் அளவைச் சரியாகப் போட முடியும். சேர்க்கும் வரை அவராக நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம்.