பட்டிக்காரன் காதல் கதை: மாடு வளர்க்கிற ஆக்கள் கொஞ்சம் பாருங்கோ

வணக்கம். திருகோணமலையில நடக்கிற காதல் நாவல் ஒண்டு, அச்சுக்குப் போக முதல் பிழை பார்க்க வேணும். நாயகன் மனம் கசந்த பட்டிக்காரன் (மாட்டு மந்தை வச்சிருக்கிறவன்), நாயகி மிருக வைத்தியர். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் பட்டி வச்சிருக்கிறவை உதவுங்கோ.

முதல் சந்திப்பே கன்று ஈனுற இடம். பனிக்குடம் உடைஞ்சதும் ரெண்டு முன்னங்காலும், அதுக்கு மேல மூக்கும் வந்தால் சரி. இங்க குளம்பின்ர அடி மேல பார்க்குது, அப்ப அநேகமாப் பின்னங்கால். கணுவுக்கு மேல கயிறு போட்டு, பசு முக்கேக்க மட்டும் இழுக்கிறாள். கன்றின்ர இடுப்பு வந்தாப் பிறகு சுணங்கேலாது; தொப்புள்கொடி நசுங்கும், தலை இன்னும் உள்ளுக்க. இந்த நேரம் பட்டிக்காரன் வாயால என்ன வரும்? எழுதினது பாடப்புத்தகம் மாதிரி இருக்கு.

அடுத்தது காலக்கணக்கு. பசுவுக்குச் சினை ஏறக்குறைய 283 நாள். மார்கழியில ஈன, பங்குனியில சினைப்பட வேணும். ஆனால் மார்கழி பெரும்போகம் (மழைக்கால நெல்), வயல் விதைச்சிருக்கும், பட்டி காட்டுக்கரையில நிக்கும். மழைக்குள்ள அங்க மோட்டச்சைக்கிள் போகுமா, உழவு மெசின்தானா?

கடைசியா, அவன் அவவை 'டொக்டர்' எண்டு கூப்பிடுவானா, 'மிஸ்' எண்டா?