சர்வாதிகாரமா எதேச்சாதிகாரமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். மகள் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு அரசறிவியல் படிக்கிறாள், பள்ளிக்கூட விவாதத்தில் இலங்கையின் 1978 அரசியல் யாப்பின் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறையைப் பற்றிப் பேச வேண்டும். எழுதி வைத்திருக்கிற பேச்சில் ஒரு வரியில் சர்வாதிகாரம், அடுத்ததில் எதேச்சாதிகாரம், பிறகு கொடுங்கோன்மை என்று மாறி மாறி வருகிறது. எதிரணி இதிலேயே பிடித்துவிடும்.

எனக்கு விளங்கினது, எதேச்சை என்றால் தன் விருப்பப்படி, அதாவது கேட்பாரில்லாமல் ஆள்வது. சர்வாதிகாரம் என்றால் எல்லா அதிகாரமும் ஒரே கையில். கொடுங்கோன்மை குறளில் 56ஆம் அதிகாரம், அது மன்னனின் கொடுமையைச் சொல்கிறது, அதிகாரம் குவிந்தாலே அந்தச் சொல்லைப் போடலாமா? பழைய ரோமில் நெருக்கடிக்கென்று சட்டப்படியே 6 மாதத்துக்கு ஒருவரை நியமிப்பார்கள், சீசர் கி.மு. 44இல் அதை ஆயுள் பதவியாக்கிக்கொண்டார். அந்த 6 மாத ஆளையும் சர்வாதிகாரி என்றுதானே தமிழில் எழுதுகிறோம், சரியா அது?

தேர்தலில் வென்று வந்தவருக்கு எந்தச் சொல் பொருந்தும்? அரசறிவியல் படிப்பிக்கிற சேர்மார், ரீச்சர்மார் ஆரும் இருந்தால் உதாரணத்தோடு சொல்லுங்கோ. விக்கிப்பீடியா இணைப்பு வேண்டாம், அது பார்த்தாச்சு.