தாயின் கறவையை மட்டும் வைத்துச் சினை ஊசிக்குக் காளையைத் தேர்ந்தெடுக்கலாமா?

பெருந்துறைப் பண்ணையாளர்:
வணக்கம். என் கலப்பின ஜெர்சி மாடுகளுக்கு இரண்டு காளைகளின் உறைவிந்து கிடைக்கிறது. முதல் காளையின் தாய் ஓர் ஈற்றில் 5,500 லிட்டர் கறந்ததாக மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாவதன் தாய் அவ்வளவு கறக்கவில்லை. ஆனால் மகள்களின் கறவையைக் கொண்டு கணித்த மரபு மதிப்பு (மரபால் அமைந்த கறவைத் திறனின் மதிப்பீடு) உயர்வாகவும், அதன் நம்பகத்தன்மை 80 சதவீதமாகவும் உள்ளது. எதை நம்புவது?

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
இரண்டாவதை நம்புங்கள் ஐயா. பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதமே மரபால் வருவது. எஞ்சியது தீவனம், பராமரிப்பு, ஈன்ற பருவம் ஆகியவற்றால் வருவது. ஒரு தாய் தன் கொட்டிலில் உடன் நின்ற மாடுகளைவிட 3,000 லிட்டர் கூடுதலாகக் கறந்திருந்தாலும், அதன் மரபு மதிப்பில் சேர்வது 900 லிட்டர்தான்; மகனுக்கு அதில் பாதியான 450, உங்கள் வீட்டில் பிறக்கும் கிடேரிக்கு அதிலும் பாதியான 225 என்றுதான் எதிர்பார்க்க முடியும். உடன் நின்ற மாடுகளின் சராசரியைச் சொல்லாத 5,500-ஐ வைத்து இந்தக் கணக்கைக்கூடப் போட முடியாது. தாயின் ஒரே ஈற்றைக் கொண்ட கணிப்பின் நம்பகத்தன்மை 8 சதவீதத்தை எட்டாது; பல பண்ணைகளில் உள்ள 50 மகள்களை, அந்தந்தப் பண்ணையில் அதே பருவத்தில் ஈன்ற மாடுகளோடு ஒப்பிட்டால்தான் 80 சதவீதம் கிடைக்கும்.

விலங்கு மரபியல் மாணவி:
பண்ணையின் தாக்கத்தையும் மரபு மதிப்பையும் ஒருசேரக் கணித்துப் பிரிக்கும் முறையை வகுத்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன். மகள்கள் கறவைக்கு வரும்வரை ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதால், கன்றின் டி.என்.ஏ.வைக் கொண்டே மதிப்பிடும் ஜீனோம் முறை அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளில் 2009 முதல் அதிகாரபூர்வமாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அங்கே உருவான கணிப்பு நம் கலப்பினங்களுக்கு அப்படியே பொருந்தாது. நம் மாடுகளின் கறவைப் பதிவே அதற்கு அடிப்படையாக வேண்டும். பால் அளந்து பதிவு செய்ய வருபவர்களுக்கு அருள்கூர்ந்து ஒத்துழையுங்கள்.

பெருந்துறைப் பண்ணையாளர்:
மிக்க நன்றி. அந்தக் காளையையே தொடர்ந்து பயன்படுத்தலாமா?

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
இப்போதுள்ள மாடுகளுக்கு அந்தக் காளை தந்தையாக இல்லாதவரை பயன்படுத்தலாம். அதன் மகள்கள் பருவத்துக்கு வரும்போது உறவில்லாத வேறு காளைக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கன்றின் காதுவில்லை எண்ணோடு தந்தைக் காளையின் எண்ணையும் இன்றே குறித்து வையுங்கள்.